லேஞ்சி போட்ட சனல்

"கதையாதேங்கோ! ஒருத்தரும் கதையாதேங்கோ!"

தொண்டைமானாற்றில் நீரேரி கடலோடு சேரும் இடத்துக்குக் கிட்ட, வலைகள் வைக்கும் ஒரு கட்டிடத்தின் மொட்டைமாடியில் மிதுலாவும் நானும் நின்றோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கீழே ஒழுங்கையால் ஒரு பெண் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

நான் மிதுலாவைப் பார்த்தேன். மிதுலா என்னைப் பார்த்தார். நாங்கள் கதைக்கவே இல்லை. விடிய வந்து இறங்கியதிலிருந்து நான் சொன்னது "ஓம்" என்ற ஒரு சொல்தான்.

அந்தப் பெண் படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார். தவமணி அக்கா என்று பிறகுதான் பெயர் தெரியும். எங்களைப் பார்க்கவில்லை. தகட்டையும் கம்பிகளையும் அதன் பக்கத்தில் இருந்த பெட்டியையும் பார்த்தார்.

"உதுதான் கீ-கீ எண்டு கத்திறதோ? என்ரை மனுசன் இன்னும் கரைக்கு வரேல்லை. விடிய வந்திருக்கவேணும். அவருக்கெண்டு லைன் விட்டு வைச்சிருக்கு. அதுக்குள்ளை நீங்கள் ஆர் பூந்து கத்திறது?"

அப்போதுதான் விளங்கியது. நாங்கள் கதைக்கவில்லைத்தான். எங்கள் பெட்டி கதைத்துக்கொண்டிருந்தது.

குழாயைத் திருப்பிறவன்

அந்த மாடிக்கு நான் எப்படிப் போனேன் என்று சொல்ல வேண்டும்.

போன கிழமை, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தகரம் வெட்டப் போன கதையை எழுதியிருந்தேன். தகரத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த தொழில் அன்ரெனா. ஒரு காலத்தில் எங்கள் ஊர்களில் ரீவி என்றால் அது கடலுக்கு அங்காலை இருந்து வருவது. பனை உயரத்துக்குக் குழாயை நிமிர்த்தி, உச்சியில் அலுமினியக் கம்பிகளைக் கட்டி, இந்தியாப் பக்கம் பார்த்துத் திருப்பி வைக்கவேண்டும்.

திருப்புவதுதான் பெரிய வேலை. நான் கூரையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருவர் உள்ளே ரீவிக்கு முன்னால். இன்னொருவர் முற்றத்தில் நின்று உள்ளே சொல்வதை எனக்குக் கத்துவார்.

"போயிட்டுது... போயிட்டுது... கொஞ்சம் இஞ்சாலை... வந்திட்டுது! விடாதை, அப்பிடியே பிடி!"

எனக்கு அந்தத் தொழில் பிடித்திருந்தது. கூரையில் நிற்கிறவனின் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. எல்லாரும் ரீவியைத்தான் பார்ப்பார்கள்.

இணுவில் பக்கம் ஒரு வீட்டில் நான் குழாயில் சாய்ந்தால் மட்டும் படம் தெளிவாக வந்தது. விலகினால் புள்ளி புள்ளியாகப் போய்விடும். என் உடம்பும் அன்ரெனாவாக வேலை செய்திருக்கிறது. "படம் முடியுமட்டும் உப்பிடியே நில்லுங்கோவன் அண்ணை" என்று வீட்டுக்காரர் கேட்டார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நின்றேன். இடைவேளையில் ஏணியில் ஏறி வந்து தேத்தண்ணி தந்தார்கள். கதாநாயகன் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கேபிள் வந்தபிறகு அன்ரெனா வேலை குறைந்தது. எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. ஒரு ஓட்டோ வாங்கினேன். திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு கொட்டிலில் தகர வேலையும் செய்தேன். மழைக்காலத்தில் கூரையில் வழுக்கி விழுவதை விட ஓட்டோ நல்லது.

பஸ்ஸும் சீற்றும்

அந்தக் கொட்டிலுக்குத்தான் மிதுலா வந்தார். அங்கே பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, பெரிய பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். நான் "மிஸ்" என்றேன். "மிஸ் எண்டால் நான் உங்களிட்டைக் கணக்குக் கேக்கிற மாதிரி இருக்கு. பேரைச் சொல்லுங்கோ" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சம். கடைசியில் தங்கச்சி என்று ஆகியது.

வண்டிச் சில்லு அளவில் ஒரு வட்டத் தகடு வேண்டும் என்றார். நடுவில் ஒரு கம்பி, சுற்றிவர ஆறு கம்பி, எல்லாம் ஒரு முழ உயரம்.

"எந்தப் பக்கம் பார்த்து வைக்கிறது தங்கச்சி?"

"ஒரு பக்கமும் பார்த்து வைக்கத் தேவையில்லை அண்ணை. அது தானே திரும்பும்."

"மோட்டர் பூட்டுறியளோ?"

"இல்லை. அசையாது. ஆனால் திரும்பும்."

என்னைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். ஆனால் கொட்டில் வாசலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஒவ்வொரு கம்பியின் அடியிலும் அரிசியளவில் ஒரு சுவிச். அதைப் போட்டால் கம்பி தகட்டோடு சேரும். எடுத்தால் தனியே நிற்கும். சேர்ந்து நிற்கிற கம்பி, வருகிற அலையைச் சுவர் மாதிரித் திருப்பி அனுப்பும். தனியே நிற்கிற கம்பி அலையை விட்டுவிடும். தெற்குப் பக்கக் கம்பிகளைச் சேர்த்தால் அன்ரெனாவுக்கு வடக்குப் பக்கம் காது. மேற்குப் பக்கத்தைச் சேர்த்தால் கிழக்கே காது.

தூரத்தில் கேட்கிறதை நாங்கள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்போமே, அதுதான். இதற்கு ஆறு கை. எந்தக் கையை மடக்குவது, எதை விரிப்பது என்று கொம்பியூட்டர் பார்த்துக்கொள்ளும். நான் அத்தனை கூரையில் வெயிலில் நின்று செய்ததை இது நிழலில் இருந்து, கண் இமைக்கிறதுக்குள் செய்யும் என்றார். எனக்கு மெய்யாகவே சந்தோசமாக இருந்தது. அப்போதே இது இருந்திருந்தால் இணுவிலில் நானும் உள்ளே இருந்து படம் பார்த்திருப்பேன்.

"சரி, உது ஆரைக் கேக்கிறதுக்கு?"

அதற்குத்தான் பஸ் உதாரணம் சொன்னார். வானத்தில் அலைகளுக்கெல்லாம் சீற் பிரித்துக் கொடுத்தாயிற்றாம். ரீவிக்கு ஒரு வரிசை, பொலிசுக்கு ஒரு வரிசை, கடற்காரருக்கு ஒரு வரிசை. ஆனால் சீற்றுக்குரிய ஆள் எந்த நேரமும் சீற்றில் இருப்பதில்லை. மற்றவர்கள் இடமில்லாமல் நிற்கிறார்கள். மிதுலாவின் ரேடியோ எல்லாச் சனலையும் காது கொடுத்துக் கேட்கும். வெறுமையாக இருந்தால் அங்கே இருந்து கதைக்கும். உரியவர் வந்தால் எழும்பிவிடும். அதற்கு ஒரு இங்கிலிஸ் பெயர் சொன்னார். எனக்கு வாயில் நிற்கவில்லை. நான் அதற்கு 'இடம் பார்க்கிற ரேடியோ' என்று பெயர் வைத்தேன். அவரும் பிறகு அப்படியே சொல்லத் தொடங்கினார்.

பஸ் என்றதும் என் மனம் வேறு பக்கம் போய்விட்டது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பருத்தித்துறை பஸ் வந்து நிற்க முன்னமே யன்னலால் இடம் பிடித்துவிடுவார்கள். கைக்குட்டையை எங்கள் பக்கம் லேஞ்சி என்போம். அந்த லேஞ்சியை எறிவார்கள், குடையை எறிவார்கள். பிள்ளையைத் தூக்கி உள்ளே விட்ட தகப்பனையும் பார்த்திருக்கிறேன். ஒருதரம் நான் ஒரு நீல லேஞ்சிக்குப் பக்கத்தில் பருத்தித்துறை வரைக்கும் நின்றுகொண்டே போனேன். அந்தச் சீற்றுக்கு ஒருவரும் வரவில்லை. இறங்கும்போது கொண்டக்டர் அந்த லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

இதை நான் மிதுலாவிடம் சொல்லவில்லை. படிப்பு விசயத்துக்குள் லேஞ்சியை ஏன் கொண்டுவர வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

லைன் விடுதல்

திருநெல்வேலியில் பரிசோதிக்க முடியாது. மோட்டர், கோபுரம், போன் என்று எந்த நேரமும் இரைச்சல். திறந்த வெளி வேண்டும். அதனால்தான் தொண்டைமானாறு. அனுமதி எடுத்து, தகட்டை ஓட்டோவின் தலையில் கட்டிக் கொண்டுபோய், தெரிந்த ஒருவரின் கட்டிடத்து மாடியில் வைத்தோம். சில நாட்களாக அங்கேயே இருந்தது.

அன்று விடிய மிதுலா பெட்டியைப் போட்டதும் திரையில் கட்டம் கட்டமாகச் சிவப்பும் பச்சையும் வந்தன. சிவப்பு என்றால் ஆள் இருக்கிறது. பச்சை என்றால் இடம் இருக்கிறது. கடற்காரரின் பக்கத்தில் வழக்கமாக எந்த நேரமும் சிவப்பாகக் கிடக்கும் ஒரு கட்டம் அன்று பச்சையாக இருந்தது.

"பாத்தியளே அண்ணை, எவ்வளவு நல்ல இடம்!" என்றார். பெட்டி அந்த இடத்தில் போய் இருந்து, சின்னதாகக் கீ-கீ என்று கதைக்கத் தொடங்கியது.

அந்த இடம் ஏன் பச்சையாக இருந்தது என்பதைத் தவமணி அக்கா எங்களுக்குச் சொன்னார். அங்கே ஒரு போட் பிந்தினால், கரையில் ஒருவர் செற்றில், அதுதான் போட்டுகளோடு கதைக்கிற ரேடியோவில், "லைன் விடுங்கோ" என்று ஒருதரம் சொல்வார். அவ்வளவுதான். அந்தச் சனலில் இருந்த எல்லாரும் எழும்பிவிடுவார்கள்; மிக அவசரமென்றால்தான் வேறு சனலுக்குப் போய் ஒரு சொல் சொல்வார்கள். போட் வந்து சேருமட்டும் அதில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. தூரத்தில் ஒருவன் குறைந்த பற்றரியோடு முணுமுணுத்தாலும் கேட்கவேண்டும் என்பதற்காக.

அவருடைய புருசன் யோகனும் கூட்டாளி ஒருவரும் முதல் நாள் பின்னேரம் கடலுக்குப் போனவர்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் காலம். எஞ்சின் நின்றால் அந்தக் காற்று போட்டைக் கரைக்கு விடாது. வெளியேதான் கொண்டுபோகும்.

மிதுலா உடனே பெட்டியின் வாயை மூடிவிட்டார். கேட்கிற பக்கம் மட்டும் இருந்தது.

"லேஞ்சி போட்ட சீற் அண்ணை அது" என்றார் என்னிடம், மெதுவாக. "ஆளில்லை எண்டு இருந்திட்டம்."

நான் சொல்லாமல் விட்ட லேஞ்சி அவருடைய வாயிலிருந்தே வந்தது. பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் அது தெரியும். பெட்டிக்கு மட்டும் நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

தகட்டுக்குப் பக்கத்தில் குப்புற

"அக்கா, என்னை எவ்வளவும் பேசுங்கோ. பிறகு பேசுங்கோ" என்றார் மிதுலா. "இப்ப உங்கடை செற்றிலை என்ன கேக்குது?"

"என்ன கேக்கிறது, இரைச்சல்தான். ரோட்டுக் கரண்டுக் கம்பியிலை உப்புப் பிடிச்சால் செற் முழுக்க வறுக்கிற சத்தம்."

"செற்றை இஞ்சை கொண்டுவாங்கோ. கரண்டுக் கம்பி இருக்கிற பக்கத்தைக் கேக்காமல் கடலை மட்டும் கேக்கப் பண்ணிப் பார்ப்பம்."

தவமணி அக்கா ஒரு கணம் எங்களைப் பார்த்தார். நம்பலாமா என்று யோசித்திருப்பார். பிறகு போய், செற்றையும் பற்றரியையும் இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மிதுலா அதை எங்கள் தகட்டோடு இணைத்தார்.

இரைச்சல் அப்படியே இருந்தது. தெற்குப் பக்கத்து ஒரு கம்பி சேரவில்லை. அரிசியளவு சுவிச்சை உப்புக்காற்று தின்றுவிட்டது.

"அதைக் கையாலை சேர்க்கேலுமே அண்ணை?"

ரப்பர் பிடி போட்ட குறட்டில் செம்புக் கம்பித் துண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டு தகட்டடிக்குப் போனேன்.

"நிண்டால் நீங்களும் ஒரு கம்பி அண்ணை! குப்புறப் படுங்கோ!"

படுத்தேன். சீமெந்து வயிற்றைச் சுட்டது. காய்ந்த வலையின் மணம். ஒழுங்கையில் ஆட்கள் கூடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு நாளென்றால் வெட்கத்தில் எழும்பி ஓடியிருப்பேன். செம்பின் ஒரு முனையைத் தகட்டிலும் மறுமுனையைக் கம்பியிலும் வைத்து அழுத்தினேன்.

தவமணி அக்கா செற்றைக் காதோடு அணைத்தபடி படிக்கட்டு நிழலில் இருந்தார். "இரைச்சல் போயிட்டுது" என்றார்.

மிதுலா மற்றக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தார். கிழக்கே காது. ஒன்றுமில்லை. மேற்கே காது. ஒன்றுமில்லை. சந்நிதிக் கோயில் பக்கத்திலிருந்து மணிச் சத்தம் வந்தது. தவமணி அக்கா கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. வடக்கே, கொஞ்சம் கிழக்குச் சாய்ந்து. ஒன்றுமில்லை. மிதுலா அதை மாற்றவில்லை. அங்கேயே விட்டு வைத்திருந்தார். ஏனென்று பிறகு கேட்டேன். "தெரியேல்லை அண்ணை. சோளகம் அந்தப் பக்கம்தானே தள்ளும்" என்றார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கை மரத்துக்கொண்டு வந்தது.

"வந்திட்டுது!"

தவமணி அக்காவின் அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. "தம்பி, வந்திட்டுது! விடாதை, அப்பிடியே பிடி!"

செற்றுக்குள் இருந்து தண்ணீருக்குள் கதைப்பதுபோல ஒரு குரல். "...வம்... தவம்... கேக்குதே..."

"கேக்குது, கேக்குது! எங்கை நிக்கிறியள்?"

"கடலிலைதான்!"

"விசர்க் கதை கதையாமல் சொல்லுங்கோ!"

எஞ்சின் நின்றுவிட்டது, சோளகம் இழுக்கிறது, பற்றரி முடியப் போகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு யோகன் கையில் இருந்த சின்ன ஜி.பி.எஸ்ஸைப் பார்த்து எண்களைச் சொன்னார். தவமணி அக்கா ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொன்னார். மிதுலா தன் உள்ளங்கையில் எழுதினார். ஒழுங்கையில் நின்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு எஞ்சின்கள் உறுமுவது கேட்டது.

அதோடு யோகனின் குரல் நின்றுவிட்டது.

கயிறு

பிறகு காத்திருப்புத்தான். அவருடைய பற்றரி முடிந்ததா, இல்லை வேறேதுமா என்று தெரியாது. போன போட்டுகள் கயிறு கட்டியதும் இந்தச் சனலிலேயே சொல்வதாகப் பேச்சு. அதனால் நான் குறட்டை எடுக்கவில்லை. முறுக்கிக் கட்டியிருக்கலாம். கட்ட எழும்பினால் எல்லாம் போய்விடுமோ என்று பயம். மற்றவர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். ஒருவரும் என் பக்கத்தில் வரவில்லை.

வெயில் ஏறியதும் ஒருவர் இரக்கப்பட்டுக் குடையோடு வந்தார்.

"குடை வேண்டாம்! அதுக்குள்ளையும் கம்பி!" என்று மிதுலா கத்தினார். அந்த மனுசன் குடையை மடக்கிக்கொண்டு தானும் படியில் குனிந்து இருந்துவிட்டார்.

தவமணி அக்கா தன் லேஞ்சியைத் தண்ணீரில் நனைத்து, தவழ்ந்து வந்து, என் பிடரியில் போட்டுவிட்டுத் தவழ்ந்தே போனார். அந்தக் குளிர்ச்சி முதுகு வரைக்கும் இறங்கியது.

மிதுலா பிறகு அந்த ரேடியோவில் ஒரு திருத்தம் செய்தார். ஆட்கள் கதைத்துக்கொண்டிருந்த சனல் திடீரென்று எல்லாரும் எழும்பிப் போனதுபோல வெறுமையானால் அங்கே இருக்கக்கூடாது. நெடுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நிற்கவேண்டும். கொம்பியூட்டருக்குள் அந்த இடத்துக்கு 'லேஞ்சி' என்றே பெயர் வைத்திருக்கிறார். பட்டம் கொடுக்க வந்த பெரியவர்கள் அதென்ன சொல் என்று கேட்டார்களாம். பஸ் நிலையத்திலிருந்து தொடங்கி விளக்கினாராம்.

ஆனால் அன்று மாடியில் இருக்கும்போது அவர் ஒரு திருத்தத்தையும் யோசிக்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. தவமணி அக்காவின் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். இரண்டு பேரும் ஒரே செற்றில் காது வைத்திருந்தார்கள்.

கடைசியில் ஒரு குரல், பச்சைத் தண்ணிபோலத் தெளிவாக வந்தது.

"அக்கா, கயிறு கட்டியாச்சு. ரெண்டு பேரும் சுகம். அண்ணை பசிக்குது எண்டு சொல்லுறார்."

தவமணி அக்கா உடனே அழவில்லை. மைக்கைக் கையில் எடுத்தார். தொண்டையைச் செருமினார். கடலுக்கும் கரைக்கும் பொதுவாக, சபையில் சொல்வதுபோலச் சொன்னார்.

"லைன் எடுங்கோ."

பிறகுதான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடினார்.

இடமில்லை

அதற்குப் பிறகு அந்தச் சனல் இருந்த இருப்பை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். விடியத் தொடக்கம் அடக்கி வைத்த கதையெல்லாம் ஒரேயடியாக வந்து விழுந்தது. இன்றைக்கு விளைமீன் நல்லாப் பட்டது என்று ஒருவர். என்ரை நங்கூரத்தை எடுத்தவன் ஆர் என்று இன்னொருவர். பீடி இருக்கே என்று மூன்றாமவர். ஒருவரின் மேல் ஒருவர் ஏறி விழுந்து கதைத்தார்கள்.

நடுவில் யோகனின் குரல், கட்டி இழுக்கிற போட்டின் செற்றில் இருந்து.

"நான் முதலே கூப்பிட வெளிக்கிட்டனான். ஆரோ கீ-கீ எண்டு கதைச்சுக்கொண்டு இருந்தவை. முக்கியமான கதையாக்கும், இடையிலை குழப்பக்கூடாது எண்டு செற்றை நிப்பாட்டிப் போட்டு இருந்தனான்."

மிதுலா தலையில் கை வைத்தார். ஆனால் கடல் முழுக்கச் சிரித்தது.

"இழுபட்டுக்கொண்டு போகேக்கை மரியாதை பாத்தவராம்!"

"யோகண்ணை, அடுத்தமுறை தாழுறதெண்டாலும் எக்ஸ்கியூஸ் மீ சொல்லிப்போட்டுத் தாழுங்கோ!"

தவமணி அக்கா மைக்கைத் திரும்ப எடுத்தார். "வீட்டை வாங்கோ. உங்கடை மரியாதைக்கு இஞ்சை இருக்கு பூசை."

மிதுலா எழும்பிப்போய்த் திரையைப் பார்த்தார். கடற்காரரின் வரிசையில் ஒரு பச்சையும் இல்லை. ஒரே சிவப்பு.

"இடமில்லை அண்ணை" என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "ஒரு சீற்றும் இல்லை!"

ஒழுங்கையில் ஆட்கள் கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். தவமணி அக்கா மற்றச் செருப்பையும் கழற்றிவிட்டு ஓடினார். மாடியில் மிதுலாவும் நானும்தான். கேட்பதா விடுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"தங்கச்சி, இனி விடலாமோ?"

மிதுலா திரும்பிப் பார்த்தார். "ஐயோ அண்ணை! இன்னும் பிடிச்சுக்கொண்டோ இருக்கிறியள்? விடுங்கோ, விடுங்கோ!"

விட்டேன்.